வாஷிங் மெஷின் மோட்டார் என்ற கதை

சிங்கிளேர் சி5 என்று பேச்சை எடுத்தாலே யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "அதுவா, வாஷிங் மெஷின் மோட்டார் போட்ட வண்டிதானே?"

1985 ஜனவரியில் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்து, அதே அக்டோபரில் தன் கம்பெனியையும் சேர்த்துக் கவிழ்த்துவிட்டுப் போன மின்சார மூன்று சக்கர வண்டி அது. ஒருவர் மட்டும் உட்காரலாம். உட்காரலாம் என்பதைவிடச் சாய்ந்துகொள்ளலாம் என்பதே சரி. பினாங்குத் திரிஷாவில் பயணி முன்னால் காலை நீட்டிச் சாய்ந்திருப்பார் அல்லவா? அவரே பெடலையும் மிதித்துக்கொண்டு போனால் எப்படி இருக்கும்? கிட்டத்தட்ட அதுதான் சி5. ஹேண்டில் முழங்காலுக்குக் கீழே, இரண்டு பக்கமும் கையைத் தொங்கவிட்டால் எட்டுகிற இடத்தில் இருக்கும்.

வாஷிங் மெஷின் கதை பொய். மோட்டாரைச் செய்தது இத்தாலியில் இருந்த பாலிமோட்டார் என்ற கம்பெனி. அது பிலிப்ஸுக்குச் சொந்தமானது. லாரி எஞ்சினைக் குளிரவைக்கும் விசிறிக்காக வரைந்த ஒரு வடிவமைப்பிலிருந்து அந்த மோட்டார் வளர்ந்தது. ஆனால் வண்டியைப் பூட்டிக்கொடுத்தது வேல்ஸில் இருந்த ஹூவர் தொழிற்சாலை. ஹூவர் என்றால் வாஷிங் மெஷின். போதாதா? கதை தானாகவே பிறந்துவிட்டது.

தோற்றுப்போன கருவிகளைப் பற்றி எங்கள் பொறியியல் வகுப்புகளில் இரண்டே கதைகள்தான் உலவும். ஒன்று, 'முட்டாள்தனமான யோசனை.' மற்றொன்று, 'காலத்துக்கு முந்திப் பிறந்தது.' சி5 மேல் இரண்டு சீட்டையும் ஒட்டியிருக்கிறார்கள். எனக்கு இரண்டிலும் திருப்தியில்லை. ஒரு மின்வண்டி ஏன் தோற்றது என்று தெரிந்துகொள்ள நேரான வழி ஒன்று இருக்கிறது. அதன் பேட்டரியையும் மோட்டாரையும் கழற்றிவிட்டு இன்றைய பேட்டரியும் மோட்டாரும் போட்டுப் பார்ப்பது. எது சரியாகிறதோ அது அந்தக் காலத்துப் பேட்டரியின் குறை. அதற்குப் பிறகும் சரியாகாமல் மிஞ்சுவதைத்தான் நாம் யோசிக்க வேண்டும்.

பாரிஸ், 1881

சைக்கிளில் பேட்டரி பூட்டுவது நம் காலத்து யோசனை இல்லை. 1881 ஏப்ரல் 19 அன்று பாரிஸின் வாலுவா தெருவில் குஸ்தாவ் துரூவே என்பவர் ஒரு மூன்று சக்கர சைக்கிளை மின்சாரத்தில் ஓட்டிப் பார்த்தார். சைக்கிள் அவர் செய்ததில்லை, இங்கிலாந்தின் கவென்ட்ரியில் செய்தது. மோட்டாரும் முழுக்க அவருடையதில்லை. சீமென்ஸின் சின்ன மோட்டார் ஒன்றை எடுத்து அதன் திறனைக் கூட்டியிருந்தார். பேட்டரி, காஸ்தோன் பிளான்டே 1859-இல் கண்டுபிடித்த ஈய-அமில வகை. வேகம் மணிக்கு 12 கிலோமீட்டர்.

உலகின் முதல் மின்சார வாகனங்களின் வரிசையில் இன்று இதைத்தான் முன்னால் வைக்கிறார்கள். நம்ம பாஷையில் சொன்னால் அது ஒரு 'கன்வர்ஷன்' வேலை. ஏற்கனவே இருக்கிற வண்டி, ஏற்கனவே இருக்கிற மோட்டார், ஏற்கனவே இருக்கிற பேட்டரி. மூன்றையும் சேர்த்ததும், மோட்டாரை மேம்படுத்தியதும்தான் துரூவேயின் பங்கு. அந்தச் சைக்கிளுக்கு அவரால் காப்புரிமை வாங்க முடியவில்லை. அடுத்த மாதமே மோட்டாரைப் படகுக்கு மாற்றி, மே 26 அன்று சேன் நதியில் ஓட்டினார். மறுவருடம் லண்டனில் எர்ட்டனும் பெர்ரியும் விளக்கு வைத்த மின்சார மூன்று சக்கர சைக்கிள் ஒன்றைச் செய்தார்கள்.

மோட்டாரும் பேட்டரியும் வண்டியோடு ஒட்டிப் பிறந்தவை இல்லை, கழற்றலாம், மாற்றலாம் என்ற விஷயம் இந்தத் துறையின் முதல் நாளிலேயே இருந்தது. இன்னொரு விஷயமும் அப்போதே ஒட்டிக்கொண்டது: ஈயத்தின் எடை. துரூவேயின் சைக்கிளில் இருந்த அதே ஈயம்-அமிலம்தான் 104 வருடம் கழித்து சி5-இலும் இருந்தது.

சாய்ந்து ஓட்டுவதும் புதிதில்லை. பிரான்ஸில் சார்ல் மொஷே செய்த சாய்வு சைக்கிளில் 1933 ஜூலை 7 அன்று பிரான்சிஸ் ஃபோர் ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் ஓட்டினார். 1914-இலிருந்து யாராலும் உடைக்க முடியாத சாதனை அப்படி உடைந்தது. உடம்பைத் தாழ்த்திச் சாய்த்தால் காற்று குறைவாகத் தடுக்கும், அவ்வளவுதான் ரகசியம். உலக சைக்கிள் சங்கம் என்ன செய்தது தெரியுமா? 1934-இல் போட்டி சைக்கிள் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று விதி எழுதி, சாய்வு சைக்கிளை வெளியே தள்ளிவிட்டது. ஒரு வண்டியின் தலைவிதியை விதிப்புத்தகம் எழுதுவது சி5-க்கு முன்பே பழக்கமாகிவிட்டது.

சட்டத்துக்குள் சுருங்கிய வண்டி

கிளைவ் சிங்கிளேர் கால்குலேட்டரிலும் கணினியிலும் பெயர் வாங்கியவர். 1982-இல் வந்த அவருடைய இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் பிரிட்டனில் ஒரு தலைமுறைக்கே கணினி கற்றுக்கொடுத்தது. மின்வண்டி ஆசை அவருக்கு எழுபதுகளிலேயே இருந்தது. முதலில் யோசித்தது மொபெட்டுக்குப் போட்டியாக, மணிக்கு 30 மைல் போகிற ஒரு சின்ன வண்டி. 1983-இல் தன் கம்பெனிப் பங்குகளில் ஒரு பகுதியை விற்று, சிங்கிளேர் வெஹிக்கிள்ஸ் என்று தனிக் கம்பெனி தொடங்கினார்.

அதே 1983-இல் பிரிட்டன் ஒரு புது விதி கொண்டுவந்தது. பெடல் இருக்க வேண்டும். மின்சாரத்தில் 15 மைலுக்கு மேல் போகக் கூடாது. மூன்று சக்கர வண்டி என்றால் எடை 60 கிலோவுக்குள், மோட்டார் 250 வாட்டுக்குள். இந்த வரம்புக்குள் இருந்தால் 14 வயதுப் பிள்ளைகூட ஓட்டலாம். லைசென்ஸ் வேண்டாம், சாலை வரி வேண்டாம், காப்புறுதி வேண்டாம், ஹெல்மெட் வேண்டாம்.

சி5-இன் விவரப்பட்டியலை இந்த விதியின் பக்கத்தில் வைத்துப் படித்தால் இரண்டும் ஒரே தாள் மாதிரி இருக்கும். 250 வாட் மோட்டார். 15 மைல் வேகம். பேட்டரியோடு சேர்த்து 45 கிலோ அளவில் எடை. சட்டத்தில் ஒரு கதவு திறந்தது, அந்தக் கதவில் நுழைகிற அளவுக்கு வண்டியைச் செதுக்கினார்கள். சாலை என்ன கேட்கிறது, மேடு என்ன கேட்கிறது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

வேலையில் அலட்சியம் இருந்ததாகச் சொல்ல முடியாது. சேசிஸை முடித்துக்கொடுத்தது லோட்டஸ். வெளித்தோற்றத்தை வரைந்தது குஸ் டெஸ்பராட்ஸ் என்ற இருபத்துச் சொச்ச வயது இளைஞர். உடல் முழுக்க பாலிபுரொப்பிலீன், இரண்டே பெரிய வார்ப்புகள். மோட்டார் சூடானால் தானாக மின்சாரத்தைத் துண்டிக்கிற எலக்ட்ரானிக்ஸ்கூட இருந்தது. விலை 399 பவுண்டு.

மெர்தர் டிட்வில்

வண்டியைப் பூட்டிய ஹூவர் தொழிற்சாலை இருந்த ஊர் தெற்கு வேல்ஸின் மெர்தர் டிட்வில். ஒரு காலத்தில் இரும்புக்கும் நிலக்கரிக்கும் பேர்போன இடம். சி5 அங்கே தயாராகிக்கொண்டிருந்த மாதங்களில் சுற்றியிருந்த பள்ளத்தாக்குகளில் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். 1984 மார்ச்சில் தொடங்கி 1985 மார்ச்சில் தோல்வியில் முடிந்த அந்தப் பெரிய வேலைநிறுத்தம்தான். சுரங்கம் மூடினால் அடுத்து என்ன என்று ஊரே கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில், முதல் வருடம் ஒரு லட்சம் விற்கும் என்ற கணக்கோடு ஒரு புது வண்டி வந்தது.

1985 ஜனவரி 10, லண்டன் அலெக்சாண்ட்ரா பேலஸில் அறிமுக விழா. நடுக்குளிர்காலம், வெளியே பனி. திறந்த வண்டி, குன்றின் மேல் அரங்கம். மூன்றே மாதத்தில் உற்பத்தி பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. சி5 வரிசையில் நின்றவர்களில் பெரும்பாலோரைத் திரும்பவும் வாஷிங் மெஷின் பக்கமே அனுப்பினார்கள். ஆகஸ்டில் உற்பத்தி நின்றது. அக்டோபரில் கம்பெனி கடன்காரர்கள் கைக்குப் போனது. செய்தது சுமார் 14,000 வண்டி. அதற்குள் விற்றது 5,000 அளவில்.

இப்போது அந்த நகைச்சுவையைத் திரும்ப யோசித்துப் பாருங்கள். வாஷிங் மெஷின் மோட்டார் வண்டிக்குள் போகவில்லை. வண்டி செய்த தொழிலாளிதான் வாஷிங் மெஷினுக்குத் திரும்பிப் போனார். அந்தத் தொழிற்சாலையும் 2009-இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது.

மேடு கேட்கிற கணக்கு

பேட்டரியையும் மோட்டாரையும் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ரொம்பக் கஷ்டமான கணக்கில்லை.

வண்டி 45 கிலோ, ஓட்டுபவர் 75 கிலோ, மொத்தம் 120. நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் ஏறுகிற ஒரு சாதாரண மேட்டில் மணிக்கு 15 கிலோமீட்டரில் ஏற வேண்டும் என்றால், புவியீர்ப்புக்கு மட்டும் 245 வாட் போய்விடும். டயர் உராய்வுக்கு இன்னும் ஒரு 50 வாட். ஆக 250 வாட் மோட்டார் தன் முழுச் சக்தியைப் போட்டாலும் போதாது, மிச்சத்தை மனிதன்தான் மிதிக்க வேண்டும். மிதிக்கலாம் என்றால் சி5-இல் கியர் மாற்ற முடியாது. காலின் நீளத்துக்கு ஏற்றபடி பெடலைத் தள்ளிவைக்கவும் முடியாது. மேட்டில் வேகம் குறையும், மோட்டார் சூடாகும், எலக்ட்ரானிக்ஸ் மின்சாரத்தை நிறுத்தும். ஓட்டுபவர் காலை நீட்டி அழகாகச் சாய்ந்தபடியே மேட்டில் மாட்டிக்கொள்வார்.

பேட்டரி 12 வோல்ட், 36 ஆம்பியர்-மணி. பெருக்கினால் 432 வாட்-மணி. எடை 15 கிலோ அளவு. ஈய-அமில பேட்டரியிடம் அவசரமாக மின்சாரம் கேட்டால் முழுசையும் தராது, குளிரில் இன்னும் கஞ்சத்தனம் பண்ணும். அடியோடு காலி செய்தால் சீக்கிரம் செத்துவிடும். நிம்மதியாக எடுக்கக்கூடியது பாதிக்குச் சற்று மேல். 20 மைல் ஓடும் என்று விளம்பரம் சொன்னது. என் கணக்குப்படி ஜனவரிக் குளிரில் அதில் பாதி ஓடினாலே நல்ல விஷயம்.

12 வோல்ட் என்பதில் இன்னொரு சங்கடம். 250 வாட்டுக்கு 21 ஆம்பியர் ஓட வேண்டும். அதே 250 வாட்டை 36 வோல்ட்டில் எடுத்தால் 7 ஆம்பியர் போதும். ஒயரில் வீணாகும் வெப்பம் ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆம்பியர் மூன்றில் ஒன்றானால் அதே ஒயரில் வெப்பம் ஒன்பதில் ஒன்றாகும். இன்று யாராவது பழைய மின்வண்டியை மேம்படுத்த உட்கார்ந்தால் முதலில் வோல்ட்டை ஏற்றுவதற்குக் காரணம் இதுதான்.

அதே வருடம், வேறு ஆய்வுக்கூடங்கள்

சி5-க்குத் தேவைப்பட்ட இரண்டு பொருளும் அப்போது இந்த உலகத்தில் இல்லாமல் இல்லை. ஆய்வுக்கூட மேசையில் இருந்தன. வலுவான நியோடிமியம் காந்தத்தை ஜப்பானில் மசாடோ சகாவாவும் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆட்களும் தனித்தனியே எண்பதுகளின் முதல் பாதியில் கண்டுபிடித்தார்கள். சிறிய உருவத்தில் பெரிய முறுக்குவிசை தரும் இன்றைய ஹப் மோட்டார்கள் அந்தக் காந்தத்தின் பிள்ளைகள். ஜான் குட்இனஃப் 1980-இல் காட்டிய கோபால்ட் மின்முனையை எடுத்து, ஜப்பானின் அசாஹி கசேய் கம்பெனியில் அகிரா யோஷினோ லித்தியம்-அயன் பேட்டரியின் முன்மாதிரியை உருவாக்கியது 1985-இல். ஆமாம், சி5 வந்த அதே வருடம். அது சோனி மூலம் கடைக்கு வர 1991 ஆனது. யோஷினோவுக்கும் குட்இனஃபுக்கும் ஸ்டான்லி விட்டிங்ஹாமுக்கும் நோபல் பரிசு வர 2019 ஆனது.

பல்கலைக்கழகக் கடைசி வருடத்தில் எங்கள் குழுவுக்கு ஒரு பழைய சாய்வு மூன்று சக்கர சைக்கிள் கிடைத்தது. முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. சீட்டுக்குப் பின்னால் மூன்று ஈய பேட்டரி, ஒவ்வொன்றும் 12 வோல்ட், 12 ஆம்பியர்-மணி. கூட்டினால் 432 வாட்-மணி, அச்சு அசல் சி5-இன் எண். எடை 12 கிலோவுக்கு மேல். அதைக் கழற்றிவிட்டு, கட்டைவிரலைவிடச் சற்றுப் பெரிய லித்தியம் செல்கள் நாற்பதைப் பத்து வரிசை, வரிசைக்கு நான்கு என்று கோத்தோம். ஒரு செல் 10.8 வாட்-மணி. நாற்பதுக்கு 432. பெட்டியோடு சேர்த்துத் தராசில் வைத்தால் இரண்டரைக் கிலோ.

கையில் தூக்கிப் பார்த்தபோதுதான் அந்த நூறு வருட வேதியியல் எனக்கு உறைத்தது. பாடப்புத்தகத்தில் வரைபடமாகப் பார்த்தது வேறு, ஒரே எண்ணை இரண்டு கையிலும் தூக்கிப் பார்ப்பது வேறு.

ஆனால் பேட்டரி மாற்றியதோடு வேலை முடியாது. பிரஷ் வைத்த பழைய மோட்டாருக்குப் பதில் பின்சக்கரத்தில் பிரஷ் இல்லாத ஹப் மோட்டார் வந்தது. உடனே அதன் கண்ட்ரோலர் மாற வேண்டும். ஈய பேட்டரியின் சார்ஜர் லித்தியத்துக்கு ஆகாது, அதுவும் மாற வேண்டும். ஒவ்வொரு வரிசையின் வோல்ட்டையும் கண்காணித்து, எல்லை மீறினால் துண்டிக்கிற பலகை வேண்டும். அது இல்லாத லித்தியம் பெட்டி, வீட்டில் வைத்திருக்கிற வெடி. ஹப் மோட்டாரின் அச்சு ஃபிரேமைப் பிளந்துகொண்டு சுழலாமல் இருக்க இரும்புக் கை ஒன்று பூட்ட வேண்டும். பின்பக்க எடை பத்துக் கிலோ குறைந்ததால் பின்சக்கரம் ஈரத்தில் வழுக்கப் பார்க்கும். வேகத்தை 25-இலிருந்து 40-க்கு ஏற்றினால் பிரேக் தாங்க வேண்டிய ஆற்றல் இரண்டரை மடங்கு. நாங்கள் 25-லேயே பூட்டிவைத்து, வளாகத்துக்குள் மட்டும் ஓட்டினோம். பழைய பேட்டரியில் அந்த வண்டியை மூச்சுத் திணறவைத்த மேட்டைப் புதியது சத்தமே இல்லாமல் ஏறியது.

ஆக மேடு, தூரம், குளிர் இந்த மூன்றும் பேட்டரி-மோட்டாரின் குறை. இன்றும் சி5 வைத்திருப்பவர்கள் பலர் இதையே செய்கிறார்கள். லித்தியம் பெட்டி, பிரஷ் இல்லாத மோட்டார், நல்ல கண்ட்ரோலர். மேட்டைப் பற்றிய புகார் போய்விடுகிறது. சிங்கிளேரும் விடவில்லை. 1992-இல் ஸைக் என்ற மின்சைக்கிள், 1994-இல் சாதாரண சைக்கிளில் பூட்டிக்கொள்ளும் ஸீட்டா என்ற மோட்டார், 2010-இல் லித்தியம் பேட்டரியோடு எக்ஸ்-1 என்ற வண்டி என்று முயன்றுகொண்டே இருந்தார். எக்ஸ்-1 கடைக்கு வரவே இல்லை. 2021-இல் அவர் இறந்தார்.

மாற்ற முடியாதது

மிஞ்சுவது என்ன? சி5-இன் உயரம் 80 சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. பக்கத்தில் லாரி நின்றால் ஓட்டுபவரின் முகம் அதன் சக்கரத்துக்கு நேராக இருக்கும். இதை எந்த லித்தியமும் சரிசெய்யாது. பார்க்கப்போனால் மோட்டாரைப் பெரிதாக்கினால் ஆபத்து கூடத்தான் செய்யும். 1985-இல் சிங்கிளேர் கம்பெனிக்கே இது தெரிந்திருந்தது. அதனால்தான் வண்டியின் பின்னால் நட்டுக்கொள்ள, பளபளக்கும் பட்டை வைத்த உயரமான கம்பம் ஒன்றைத் துணைப்பொருளாக விற்றார்கள். அதற்குத் தனிக் காசு.

இது மோட்டாரின் பிரச்சினையே இல்லை. சாலை யாருக்காகப் போடப்பட்டது என்ற பிரச்சினை. லைசென்ஸ், வரி, வயது என்று சட்டம் தன் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டது. சாலை தன் கதவைத் திறக்கவில்லை. 14 வயதுப் பிள்ளையை லாரிகளுக்கு நடுவே அனுமதித்த விதி, அந்தப் பிள்ளைக்கு ஒரு மீட்டர் அகலத் தனிப் பாதைகூடத் தரவில்லை.

நான் இருப்பது சிங்கப்பூரில். இங்கே மின்சைக்கிள் விதி 250 வாட், 25 கிலோமீட்டர், 20 கிலோ எடை என்கிறது. மிதித்தால்தான் மோட்டார் வேலை செய்ய வேண்டும். ஐரோப்பியத் தரநிலையை ஒட்டிய விதி. 1983-இல் பிரிட்டன் மூன்று சக்கர வண்டிக்கு எழுதிய அதே 250 இன்றும் எங்கள் வீட்டுக்குக் கீழே சைக்கிள் நிறுத்துமிடத்தில் நிற்கிறது. பட்டனை அழுத்தினாலே ஓடுகிற, 45 கிலோ எடையுள்ள சி5-ஐ இங்கே மின்சைக்கிள் என்று பதிவு செய்யவே முடியாது.

2019 நவம்பரில் மின்ஸ்கூட்டரை நடைபாதையிலிருந்து எடுத்தபோது உணவு கொண்டுபோகும் ஊழியர்கள் பலர் மின்சைக்கிளுக்கு மாறினார்கள். பேட்டரியை மாற்றுவது, மோட்டாரைத் திருத்துவது சட்டப்படி குற்றம் என்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும். அடுக்குமாடி வீடுகளில் பேட்டரி தீப்பிடித்த செய்திகளைப் படித்தவர்களுக்கு அந்த விதியின் நியாயமும் புரியும். எனக்கும் புரிகிறது, செல் கோத்த கை இது. ஆனால் ஒரு மணி நேரத்தில் எத்தனை பொட்டலம் கொடுக்கிறோமோ அத்தனை காசு என்று வாழ்பவருக்கு 250 என்பது சம்பளத்தின் உச்சவரம்பு. அவர் கேட்பது வேகம் மட்டும் இல்லை. சாலையில் லாரிக்கும் நடைபாதையில் பாட்டிக்கும் நடுவே தனக்கென்று ஓர் இடம். அதை எந்தப் பட்டறையிலும் பூட்டிக்கொடுக்க முடியாது.

சி5-ஐக் கேலி செய்தவர்கள் மோட்டாரைப் பார்த்துச் சிரித்தார்கள். மோட்டாரைத்தான் மாற்ற முடிந்தது. இன்று லித்தியமும் ஹப் மோட்டாருமாகப் புதுப்பித்த சாய்வு மூன்று சக்கர சைக்கிள் எதையாவது சாலையில் பார்த்தால் சீட்டுக்குப் பின்னால் கவனியுங்கள். வளைந்தாடும் ஒரு மெல்லிய கம்பமும் அதன் உச்சியில் ஒரு சின்னக் கொடியும் அநேகமாக இருக்கும்.